அறிவுரை சொல்லாமல் இருக்க முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நாளைக் காலையில் யார் வேண்டுமானாலும் 'லைஃப் கோச்', அதாவது வாழ்க்கைப் பயிற்சியாளர், என்று முகவரி அட்டை அச்சடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான நாடுகளில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. மருத்துவர், வழக்கறிஞர் என்று போட்டுக்கொள்ள உரிமம் வேண்டும். உளவியல் சிகிச்சை தருகிறவர்களுக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. வாழ்க்கைப் பயிற்சியாளர் என்ற பெயருக்கு மட்டும் காவல் எதுவும் கிடையாது. அதனால் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர் தன்னைத்தானே கொஞ்சம் கடுமையாகச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதைச் சோதிப்பது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்தத் துறைக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்கள் இரண்டு. "எல்லோரும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள்" என்பது ஒன்று. "நான் அடிபட்டு மேலே வந்தவன், என் அனுபவம் நாலு பேருக்கு உதவட்டுமே" என்பது இன்னொன்று. இரண்டும் நல்ல மனசுதான். ஆனால் ஆரம்பத்தில் காலை வாரிவிடுவதும் இவைதான். யோசனை சொல்லிப் பழகியவருக்கு, எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் நாக்கு துறுதுறுக்கும். சொந்த அனுபவத்தைப் பகிர நினைப்பவர் நல்ல வழிகாட்டியாக, மென்டராக இருக்கலாம். அது மதிப்புள்ள வேலை, ஆனால் வேறு வேலை. மேடையேறிக் கைதட்டல் வாங்கும் தன்னம்பிக்கைப் பேச்சும் அப்படியே.

கேள்வி கேட்டு, வந்தவரையே தன் வழியைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் கோச்சிங். அது எந்த நம்பிக்கையில் நிற்கிறது என்று புரிய, 1970-களின் ஒரு டென்னிஸ் மைதானத்துக்குப் போகலாம். டிமதி கால்வே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், 'மட்டையை இப்படிப் பிடி, தோளை இப்படித் திருப்பு' என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு ஒரு சின்ன வேலை கொடுத்தார். பந்து தரையில் குதிக்கும்போது 'குதித்தது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மட்டையில் படும்போது 'பட்டது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கவனம் பந்தின் மேல் போனதும், தன்னைத் திட்டிக்கொள்ளும் உள்குரல் அடங்கி, ஆட்டம் தானாகச் சீரானது. இந்த அணுகுமுறையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜான் விட்மோர், முன்னாள் கார் பந்தய வீரர். சொல்லிக்கொடுப்பதைவிடக் கவனிக்க வைப்பது அதிகம் வேலை செய்யும் என்ற இந்த ஒரு நம்பிக்கை உங்களுக்கு இல்லையென்றால், எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் அமர்வில் அது பல்லிளித்துவிடும்.

எப்படிப் பல்லிளிக்கும்? ஒருவர் வந்து உட்கார்ந்து சொல்கிறார்: "இந்த வேலையை விட்டுவிடலாமா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன் சார். முடிவே எடுக்க முடியவில்லை."

பழகாத கோச் உடனே ஆரம்பிப்பார்: "மேலாளரிடம் பேசிப் பார்த்தீர்களா? சம்பளம்தான் பிரச்சினையா, இல்லை வேலையே பிடிக்கவில்லையா? வேறு எங்காவது விண்ணப்பித்திருக்கிறீர்களா?"

ஒரே மூச்சில் மூன்று கேள்வி. வந்தவர் பாவம், கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். முதலாவது உண்மையில் 'மேலாளரிடம் பேசுங்கள்' என்ற அறிவுரை, வாலில் ஒரு கேள்விக்குறி ஒட்டியிருக்கிறது. இரண்டாவது கேள்வியில், காரணங்களைக் கோச்சே யோசித்து வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைத் தொடச் சொல்கிறார். உண்மைக் காரணம் மூன்றாவதாக இருந்தால் அது வெளியே வரவே வராது.

பழகியவர் இப்படிக் கேட்பார்: "முடிவெடுக்க முடியவில்லை என்கிறீர்கள். இன்றைய 45 நிமிடம் முடியும்போது எது தெளிவானால் உங்களுக்குப் போதும்?" பிறகு வாயை மூடிக்கொள்வார். பத்து விநாடி போகும். அப்புறம் பதில் வரும்: "விடுவதா வேண்டாமா என்பதுகூட இல்லை சார். விட்டால் வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை."

பார்த்தீர்களா, பிரச்சினையே இடம் மாறிவிட்டது. அதை மாற்றியது அந்தப் பத்து விநாடி. வானொலியில் பத்து விநாடி சத்தம் வராவிட்டால் நிலையத்தில் எல்லோரும் பதறி ஓடி வருவார்கள். கோச்சோ அந்த மௌனத்தில் பதறாமல் உட்காரப் பழக வேண்டும். ஐந்தாவது விநாடியில் அடுத்த கேள்வியைப் போட்டிருந்தால் அந்த வாக்கியம் உள்ளேயே தங்கியிருக்கும்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளிலும் கவனம் வேண்டும். "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்றால் எதிரில் இருப்பவருக்கு விசாரணையில் நிற்பதுபோல் இருக்கும், சாக்குகளைத் தேட ஆரம்பிப்பார். "செய்ய விடாமல் எது இழுத்துப் பிடிக்கிறது?" என்றால் அதே விஷயத்தைத் தள்ளி நின்று பார்ப்பார்.

விட்மோர் பரவலாக்கிய 'க்ரோ' என்ற நான்கு கட்ட முறையைப் பல வகுப்புகளில் சொல்லித் தருவார்கள்: இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், உறுதி. எளிதாக மனப்பாடம் ஆகிவிடும், அதுதான் ஆபத்து. புதியவர்கள் இரண்டாம் கட்டத்தை இரண்டே கேள்வியில் முடித்துவிட்டு வழிகளுக்குத் தாவுவார்கள். இப்போதைய நிலை முழுதாக வெளிவராமல் யோசித்த வழிகள், அடுத்த அமர்வில் 'செய்ய முடியவில்லை' என்று திரும்பி வரும். நான்காவது கட்டத்திலும் 'முயற்சி செய்கிறேன்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. என்ன செய்வீர்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் என்று கேட்க வேண்டும். பிறகு, "இதைச் செய்துவிடுவீர்கள் என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?" ஆறு என்று சொன்னால் காரியம் பெரிதாக இருக்கிறது என்று பொருள். எட்டுக்கு வரும்வரை அந்தக் காரியத்தைச் சிறிதாக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எல்லை. கோச்சிங் சிகிச்சை ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் எல்லாம் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், குடியை விட முடியவில்லை என்றால், வீட்டில் அடி விழுகிறது என்றால், பழைய கொடுமை ஒன்று இன்னும் விரட்டுகிறது என்றால், இலக்குகளைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுத் தகுதியான மனநல நிபுணரிடமோ உரிய உதவி அமைப்பிடமோ அனுப்பிவைக்க வேண்டும். நோய்க்குப் பெயர் சூட்டுவது கோச்சின் வேலை இல்லை. 'இது என் கைக்கு மீறியது, இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்' என்று சொன்னால் போதும். சாக வேண்டும் போலிருக்கிறது என்ற சாயலில் ஏதாவது வந்தால் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: "தற்கொலை பற்றி யோசிக்கிறீர்களா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆம்' என்றால், அவரோடு ஒரு ஆள் இருக்கிறார், அவசர உதவிக்கு வழி செய்தாகிவிட்டது என்று தெரியும்வரை அவரைத் தனியே விடக் கூடாது, தொலைபேசியில் என்றால் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. தொழிலில் இறங்கும் முன்பே, மனநல மருத்துவர், ஆலோசகர், நெருக்கடி உதவி எண் அடங்கிய ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சரி, படிப்பு? பட்டப்படிப்பு கட்டாயம் இல்லை. இருக்கிற அளவுகோல்களில் அதிகம் அறியப்பட்டது சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். வைத்திருப்பது. 1995-இல் தாமஸ் லெனர்ட் தொடங்கிய அமைப்பு அது. இ.எம்.சி.சி. போன்ற வேறு அமைப்புகளும் சான்று தருகின்றன. ஐ.சி.எஃப்.-இல் மூன்று படிகள். முதல் படியான ஏ.சி.சி.க்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி வகுப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அந்த நூறில் 75 மணி நேரம் கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். இரண்டாம் படியான பி.சி.சி.க்கு 125 மணி நேர வகுப்பு, 500 மணி நேர அனுபவம். மூன்றாம் படியான எம்.சி.சி.க்கு 200 மணி நேர வகுப்பு, 2500 மணி நேர அனுபவம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

100 மணி நேரம் சின்ன எண்ணாகத் தெரியும். வாரத்துக்கு 45 நிமிட அமர்வு நான்கு என்றால் மூன்று மணி நேரம். அந்த வேகத்தில் நூறைத் தொட 34 வாரம் ஆகும். ஆட்கள் நாள் மாற்றுவார்கள், பாதியில் நிற்பார்கள். ஆகவே பத்து மாதம் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். கையில் இருக்கும் வேலையை வகுப்பில் சேர்ந்த மறுநாளே விட்டுவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். வகுப்பில் சேர்வதற்கு முன் பேசிய மணி நேரங்கள் கணக்கில் வராது. கட்டணம் சிறிய தொகையாக இருந்தாலும் கட்டணம்தான். ஒவ்வொரு அமர்வையும் அன்றன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: பெயர், தொடர்பு விவரம், தேதி, எவ்வளவு நேரம், கட்டணம் உண்டா இல்லையா. அந்த விவரத்தை வைத்துக்கொள்ள வந்தவரின் சம்மதத்தையும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும். ஒரு வருடம் கழித்து உட்கார்ந்து எழுதப் பார்த்தால் பாதி மறந்திருக்கும்.

ஐ.சி.எஃப். இவற்றோடு கேட்கும் தகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால், என் மதிப்பில் முதலிடம் மென்டர் கோச்சிங்குக்குத்தான். அனுபவமுள்ள ஒரு கோச் உங்கள் அமர்வைக் கேட்டுத் திருத்துவது அது. 10 மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரவியிருக்க வேண்டும், அதில் மூன்று மணி நேரமாவது தனியாக நடக்க வேண்டும். அதோடு நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சம்மதம் வாங்கி ஒரு அமர்வை ஒலிப்பதிவு செய்து, ஏதாவது பத்து நிமிடத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பாருங்கள். உங்கள் வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். பக்கத்தில் கால் பங்குக்கு மேல் கோடு இருந்தால் நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள். அடிக்கோடிட்ட வரிகளில் எத்தனை அறிவுரை கேள்வி வேடத்தில் நிற்கிறது என்றும் எண்ணுங்கள். முதல் தடவை சங்கடமாகத்தான் இருக்கும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் முதல் அமர்வைத் தொடங்காதீர்கள், நண்பராக இருந்தாலும். எத்தனை அமர்வு, எவ்வளவு நேரம், கட்டணம், நாள் மாற்ற எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், ரகசியம் எங்கே காக்கப்படும், உயிருக்கு ஆபத்து என்றால் எங்கே மீறப்படும், இது சிகிச்சை இல்லை என்ற குறிப்பு, இரு தரப்பும் எப்படி விலகலாம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நிறுவனம் பணம் கட்டி ஊழியரை அனுப்பும்போது இன்னொரு வரி கட்டாயம்: நிறுவனத்துக்கு எது தெரியும், எது தெரியாது. வருகை, இலக்கின் தலைப்பு இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதை எழுதாமல் விட்டால், மூன்றாம் மாதம் மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு "ஆள் எப்படி இருக்கிறார்?" என்று சாதாரணமாகக் கேட்பார். அப்போது நீங்கள் எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் நம்பிக்கை போகும்.

கடைசியாக, வகுப்புக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை. உங்கள் பாடத்திட்டத்துக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது, எந்தப் படிக்கு? மொத்த மணி நேரத்தில் ஆசிரியரோடு நேரலையில் எவ்வளவு, காணொளியில் எவ்வளவு? மென்டர் கோச்சிங் கட்டணத்தில் அடங்குமா, தனியா? என் அமர்வை யார், எத்தனை முறை கேட்டுத் திருத்துவார்? வார இறுதி ஒன்றில் சான்றிதழ், மாதத்துக்கு இவ்வளவு வருமானம் உறுதி என்று பதில் வந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். மற்றவர்களிடம் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அங்கே படித்து முடித்த இருவரிடமாவது விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

நன்றி, வணக்கம்.