மூலம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால்

(சேலத்தில் எச்ஐவியோடு வாழும் ஆண்களுக்கான கூட்டத்தில் ஓர் அறுவை மருத்துவர் பேசியது)

அண்ணன்மார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால் நம் ஆட்கள் முதலில் தேடிப் போவது அங்கேதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் அப்படித்தான் எட்டு மாதம் லேகியம் சாப்பிட்டார். எச்ஐவி மாத்திரைக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் தவறாமல் இறங்கி வருகிறவர். ஒரு வேளைகூட மாத்திரையை விட்டதில்லை. ஆனால் ரத்தம் வருவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. "ஆம்பளையோட பழக்கமா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். என்னிடம் வந்த அன்று விரல் வைத்ததுமே கட்டி தட்டுப்பட்டது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அது ஆசனவாய்ப் புற்றுநோய். பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸால், அதிலும் 16ஆம் வகையால் வருவது. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதும் இதேதான். அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தோலோடு தோல் உரசினாலே இது தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. பலருக்கு உடம்பே இதை விரட்டிவிடும். எச்ஐவி உள்ளவர்களுக்கு, அதுவும் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை ஒரு காலத்தில் ரொம்ப இறங்கிப்போயிருந்தவர்களுக்கு, உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆண்களோடு உறவு கொள்பவர்களுக்கு ஆபத்து அதிகம். மற்றவர்களுக்கும் வரும், குடும்பஸ்தர்கள் 'நமக்கில்லை' என்று இருந்துவிட வேண்டாம்.

ஆனால் இது ஒரே நாளில் புற்றாவதில்லை. அதற்கு முன்னால் தோலின் செல்கள் மாறத் தொடங்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வலி இருக்காது, ரத்தமும் வராமல் இருக்கலாம். அசிட்டிக் அமிலம் தடவி, உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். துளி சதை எடுத்துச் சோதித்து, அங்கேயே சுட்டுவிடலாம். சுட்டால் உண்மையில் பலன் உண்டா என்று நாங்களே வாதாடிக்கொண்டிருந்தோம். 2022இல் அமெரிக்காவில் ஆங்கர் என்ற ஆய்வின் முடிவு வந்தது. எச்ஐவியோடு வாழும், 35 வயதைத் தொட்ட, அந்த மாற்றம் முற்றிய நிலையில் இருந்த சுமார் 4,400 பேர். பாதிப் பேருக்குச் சிகிச்சை, பாதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். சிகிச்சை பெற்றவர்களிடம் புற்றுநோய் 57 சதவீதம் குறைந்தது. படித்த அன்று முழுக்க அந்தத் தோட்டத்துக்காரர் ஞாபகம்தான்.

அந்தக் கருவியும் பழகிய கையும் எல்லா ஊரிலும் இல்லை. சரி, விரல் இருக்கிறதே! உறை போட்டு, ஜெல் தடவி, ஒரு நிமிடம்கூட ஆகாத பரிசோதனை. முற்றிய மாற்றத்தை விரல் காட்டாது; கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடும். 35 வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். ரத்தம், அரிப்பு, மரு, முடிச்சு எதுவானாலும் வருடம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எச்ஐவி இருப்பதற்காக யாரும் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்திருக்கிறது. அப்புறம், வீட்டில் வளரும் பையன்களுக்கு எச்பிவி தடுப்பூசி போடலாம்; நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு.

டாக்டர் முன்னால் வாய் வரவில்லையா? 'ரத்தம் வருகிறது. விரல் விட்டுப் பார்க்க வேண்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். அவ்வளவு போதும்.