வலி போனால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மூட்டுவாத மருத்துவரிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது குணமாகுமா, எத்தனை நாள் மாத்திரை சாப்பிட வேண்டும், விரல் கோணிப்போய்விடுமா. 'இதனால் ஆயுள் குறையுமா?' என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வி வந்தாலும் நோயாளியிடமிருந்து வருவதில்லை. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மகனோ மகளோ திரும்பி வந்து, கதவோரம் நின்றபடி குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அந்தக் கதவோரக் கேள்வியைத்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில், எந்த மூட்டு நோய் என்பது தெளிவாக வேண்டும். வயதாகி முழங்கால் தேய்வது வேறு விஷயம். நான் சொல்வது அழற்சி வாதம், அதாவது நம் நோய் எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டைத் தாக்குகிற நோய்கள். முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம் எல்லாம் இந்தக் குடும்பம். அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பாக இருக்கும். வேலை செய்யச் செய்ய இளகும். தேய்மானத்தில் நேர்மாறு, நடக்க நடக்க வலி கூடும்.

சரி, ஆயுள் குறையுமா? நோயைச் சும்மா விட்டால் குறையும். இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. முடக்குவாதம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று 1953-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அதே வயதுள்ள மற்றவர்களில் 100 பேர் இறக்கும் காலத்தில், அதே எண்ணிக்கையுள்ள முடக்குவாதக்காரர்களில் 150 பேர் வரை இறந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். 30 வயதுக்காரருக்கு இறப்பு வாய்ப்பே மிகச் சொற்பம், அதில் பாதியைக் கூட்டினாலும் சொற்பம்தான். 65 வயதில், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கூடவே இருந்தால், அப்போது இந்தக் கூடுதல் கனமாகிறது.

இவர்கள் எதனால் இறக்கிறார்கள்? இறப்புச் சான்றிதழில் 'முடக்குவாதம்' என்ற சொல் பல நேரம் இருக்காது. மாரடைப்பு என்றிருக்கும், பக்கவாதம் என்றிருக்கும், நிமோனியா என்றிருக்கும். அதனால்தான் 'மூட்டு வலியால் யாராவது செத்திருக்கிறார்களா?' என்று துணிந்து கேட்கிறோம். இருபது வருடம் கூடவே இருந்த நோய், கடைசிக் காகிதத்தில் பெயரில்லாமல் போய்விடுகிறது.

முதல் எதிரி இதயம்தான். 24 ஆய்வுகளில் இருந்த 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை 2008-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இதய, ரத்தக்குழாய் நோய்களால் வரும் இறப்பு சுமார் 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் கூட்டமைப்பு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. வயது, கொழுப்பு, புகை, ரத்த அழுத்தம் பார்த்து ஒருவருடைய இதய ஆபத்தைக் கணக்கிடுவோம் இல்லையா, நோயாளிக்கு முடக்குவாதம் இருந்தால் அந்த விடையை 1.5-ஆல் பெருக்கு என்கிறார்கள்.

ஏன் இப்படி? மூட்டை வீங்கவைக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற ரசாயனங்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உள்பூச்சைக் கெடுக்கின்றன, அங்கே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டைப் புண்ணாக்கி உடையவைக்கின்றன. திட்டு உடைந்தால் ரத்தம் உறைந்து அடைக்கும், மாரடைப்பு வரும். விரலில் தெரியும் வீக்கம் நம் கண்ணுக்கு எட்டிய பகுதி, அவ்வளவுதான்.

இதில் இரண்டு ஏமாற்று வேலைகள் நடக்கின்றன. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்துவிடும். பரிசோதனைத் தாளைப் பார்த்து 'கொழுப்பே இல்லை' என்று நோயாளி சந்தோஷப்படுவார், உள்ளே ஆபத்து கூடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, மாரடைப்பு வரும் முன் நடக்கும்போது நெஞ்சு அடைக்கும், அது ஒரு எச்சரிக்கை என்கிறோம். மூட்டு வலிக்காரர் வேகமாக நடந்தால்தானே நெஞ்சு அடைக்கும்! அவர் மாடிப்படியே ஏறுவதில்லை. தெரியாமலே வந்து போகும் மாரடைப்பும் திடீர் மரணமும் இவர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் நான் விடுவதில்லை. 'கைவலிக்கு வந்தால் பி.பி. எதற்கு?' என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சலித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது நுரையீரல். முடக்குவாதம் உள்ள 10 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நுரையீரலில் தழும்பு போல ஒரு தடிப்பு உண்டாகி, மூச்சு வாங்கும், வறட்டு இருமல் விடாது. 'வயசாகிவிட்டது' என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. தொற்றுகளும் இருக்கின்றன. நோயே எதிர்ப்புச் சக்தியைக் குழப்பிவிடுகிறது, நாம் தரும் மருந்துகள் அதை அடக்குகின்றன. ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைச் சொல்வதும், டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் ஊசியைத் தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதும் அதனால்தான். புகைபிடித்தலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நோயை வரவழைப்பதில் அதற்குப் பங்கு உண்டு, மருந்தின் பலனைக் குறைப்பதும் அதுவே, நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பதும் அதுவே.

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. இறுகிப்போன முதுகெலும்பு மூங்கில் போல ஒற்றைத் தண்டாகிவிடும். சின்னதாகத் தடுக்கி விழுந்தாலும் அது உடையலாம். விழுந்த பிறகு கழுத்திலோ முதுகிலோ புது வலி வந்தால், பழைய வலிதான் என்று படுத்துவிடாமல் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இனி மருந்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடமும் இதுதான். 'இந்த மாத்திரை ரொம்ப வீரியம், கிட்னி போய்விடும்' என்று யாரோ சொல்ல, அழற்சியையே அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை நிறுத்திவிட்டு, வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவார்கள். உண்மையில் கிட்னியையும் வயிற்றையும் அதிகம் பதம் பார்ப்பது அந்த வலி மாத்திரைதான், இதயத்துக்கும் அது நல்லதில்லை. ரோஃபிகாக்சிப் என்ற புகழ்பெற்ற வலி மருந்தை 2004-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள், மாரடைப்பு அதிகமானதால். வலி மாத்திரை, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது மாதிரி. சத்தம் நிற்கும், குழந்தை ஏன் அழுதது என்று தெரியாது.

மெத்தோட்ரெக்சேட் கதை வேறு. அமெரிக்காவில் 1,240 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மருந்தை எடுத்தவர்களிடம் இறப்பு 60 சதவீதம் குறைவாக இருந்தது. அப்படியானால் இது இதயத்துக்கே ஒரு டானிக்கா? அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மூட்டுவாதத்துக்காக அல்லாமல், ஏற்கெனவே இதய நோய் உள்ள சுமார் 4,800 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இதே மாத்திரையைக் கொடுத்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. என் புரிதல் இதுதான்: அணைக்க நெருப்பு இருக்கும் உடலில்தான் இந்த மருந்துக்கு வேலை.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட மறுநாளே எழுந்து நடக்கவைக்கும். நோயாளி என்னைக் கும்பிடுவதே அன்றைக்குத்தான். ஆனால் அளவும் காலமும் கூடக் கூட இறப்பு ஆபத்தும் கூடுகிறது. குறைந்த அளவில், கொஞ்ச காலம், மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை போதும்.

கதவோரத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்லும் நல்ல செய்தி ஒன்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2001-க்குப் பிறகு நோய் கண்டறியப்பட்டவர்களை முதல் 5 ஆண்டுகள் கவனித்ததில், அவர்களுடைய இறப்பு விகிதம் மற்றவர்களோடு கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. 1996 முதல் 2000 வரை கண்டறியப்பட்டவர்களிடம் அந்த இடைவெளி இருந்தது. சீக்கிரம் கண்டுபிடிப்பது, சீக்கிரம் நல்ல மருந்தைத் தொடங்குவது, வீக்கம் அடங்கும் வரை அளவை மாற்றிக்கொண்டே போவது என்று சிகிச்சை முறையே மாறியதைத்தான் முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன். ஆகவே, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது 'வலி குறைந்துவிட்டது' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'வீக்கம் இருக்கிறதா, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. எவ்வளவு, அழற்சி அடங்கிவிட்டதா?' என்று கேளுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. தினமும் என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, வாயெல்லாம் புண்ணாகி உயிரே போனவர்கள் உண்டு. கூடவே தரும் ஃபோலிக் அமிலமும் இதுவும் சிறியதாக, மஞ்சளாக, பார்க்க ஒன்று போலவே இருப்பதுண்டு. என்னிடம் வரும் ஒரு பெரியவர் வாங்கியவுடன் ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் 'செவ்வாய்' என்று எழுதிவிடுவார். அவர் வீட்டில் அதற்குப் பெயரே செவ்வாய் மாத்திரை. மருந்தின் உண்மைப் பெயர் இன்றுவரை அவர் வாயில் நுழையவில்லை. பதினோரு வருடமாகச் செவ்வாய் மட்டும் தவறவில்லை.