ஓட்டே போடாத பொதுக்குழு

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் பத்து நிமிஷம்தான்னு சொல்லிட்டாரு, அடுத்து நம்ம பொதுக்குழு வேற இருக்கு, அதனால முன்னுரையெல்லாம் வேணாம், நேரா 1738-க்கு போயிடுவோம்.

அமெரிக்காவுல நியூ ஜெர்சியில பர்லிங்டன்னு ஒரு ஊர். குவேக்கர்னு சொல்ற கிறிஸ்தவ சபையோட ஆண்டுக் கூட்டம் நடக்குது. பெஞ்சமின் லேன்னு ஒருத்தர் எழுந்திருக்காரு, நாலடிக்கு கொஞ்சம் மேல உயரம், முதுகுல கூன். மேல போட்டிருந்த கோட்ட கழட்டுறாரு, உள்ள பார்த்தா பட்டாள உடுப்பு, கூடவே ஒரு வாள். ஆயுதமே கூடாதுங்கிற சபை அது, எப்படி இருந்திருக்கும் பாருங்க. கையில பைபிள் சைஸுக்கு ஒரு புத்தகம், உள்ள குடைஞ்சு சிவப்பு பழச்சாறு நிரப்புன பை ஒண்ண ஒளிச்சு வச்சிருக்காரு. சக மனுஷன அடிமையா வச்சிருக்கிறவன் ரத்தத்த கடவுள் இப்படித்தான் சிந்துவாருன்னு சொல்லிக்கிட்டே வாளால ஒரு குத்து, சாறு பீச்சியடிச்சு அக்கம்பக்கத்துல உக்காந்திருந்தவங்க மேலெல்லாம் தெறிச்சிடுச்சு. அந்தக் கூட்டத்துல இருந்த பெரிய மனுஷங்கள்ல நிறைய பேரு வீட்டுல அடிமைங்க இருந்தாங்க. லேய வெளிய கொண்டுபோய் விட்டுட்டாங்க.

அவரு ஏன் இவ்வளவு தூரம் போனாருன்னு புரியணும்னா அந்தக் கூட்டம் எப்படி நடக்கும்னு தெரியணும். 17-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆரம்பிச்ச இயக்கம் இது, பாதிரியார் கிடையாது, பூசை கிடையாது, சும்மா உக்காந்து மௌனமா இருக்கிறதுதான் வழிபாடு. ஊர்ல நடக்கிற கூட்டம், அதுக்கு மேல மாசக் கூட்டம், மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒண்ணு, எல்லாத்துக்கும் உச்சியில, பிலடெல்பியா, லண்டன்னு அந்தந்தப் பகுதிக்கு ஒரு ஆண்டுக் கூட்டம்.

இந்த ஆண்டுக் கூட்டமும் மௌனத்துலதான் ஆரம்பிக்கும். மேஜைல கிளார்க்னு ஒருத்தர் இருப்பாரு, அவரு சொந்தக் கருத்த சொல்லக் கூடாது. பேசணும்னா எழுந்து நிக்கணும், கிளார்க் கூப்பிட்டாத்தான் பேசலாம், கைதட்டக் கூடாது, ஒருத்தர் பேசி முடிச்ச உடனே அடுத்தவர் பாயக் கூடாது, நடுவுல கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருக்கணும், பேசினவரே அதே விஷயத்துக்கு திரும்ப எழுந்திருக்கிறது அழகில்லன்னு நினைப்பாங்க. கடைசில ஓட்டு? கிடையவே கிடையாது. கூட்டத்தோட மனசு எந்தப் பக்கம் போகுதுன்னு கிளார்க் கணிச்சு, அங்கயே உக்காந்து தீர்மானத்த எழுதி, எழுந்து படிச்சுக் காட்டுவாரு. இந்த வார்த்தை சரியில்ல, அத மாத்துங்கன்னு சொல்லலாம். மாத்தி, திரும்பப் படிச்சு, சபை சரின்னு சொன்னா முடிஞ்சது, அப்புறம் வீட்டுக்குப் போய் மினிட்ஸ்ல ஒரு கமாவக்கூட நகர்த்த முடியாது. மன ஒற்றுமை வரலன்னா, அடுத்த வருஷம் பார்ப்போம்.

இந்த அடுத்த வருஷம் பார்ப்போம்ல தான் சிக்கலே.

1688-லயே பென்சில்வேனியா ஜெர்மன்டவுன்ல நாலு பேர் கையெழுத்துப் போட்டு, அடிமை வியாபாரம் தப்புன்னு ஒரு மனு குடுத்தாங்க. மாசக் கூட்டம் அதப் படிச்சிட்டு, இது பெரிய விஷயம், எங்களால முடிவெடுக்க முடியாது, மேல போங்கன்னுச்சு. அதுக்கு மேல இருந்தவங்களும் அதையே சொன்னாங்க. ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தப்ப, நாங்க இப்ப தீர்ப்பு சொல்றது பொருத்தமா இருக்காதுன்னு ஓரமா வச்சுட்டாங்க. நம்ம தாலுகா ஆபீஸ்ல ஃபைல் சுத்துமே, அச்சு அசல் அதேதான். அந்த மனு எங்கயோ கிடந்து 1844-லதான் திரும்பக் கிடைச்சுது.

லே கத்தினாரு, அவர சபைய விட்டே விலக்கிட்டாங்க. ஜான் உல்மன்னு இன்னொருத்தர் வேற வழி எடுத்தாரு. அடிமை வச்சிருக்கிற குவேக்கர் வீட்டுக்கே விருந்தாளியா போவாரு, தங்குவாரு, கிளம்பும்போது தனக்கு வேலை செஞ்ச அடிமைங்களுக்கு கூலி குடுத்துட்டு வருவாரு. வீட்டுக்காரர் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. 1758 ஆண்டுக் கூட்டத்துல, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், கடவுள் வழி காட்டுவாருன்னு சில பேர் இழுத்தப்ப, அந்த மக்களோட அழுகை ஏற்கெனவே கடவுள் காதுக்குப் போயாச்சு, இனி தள்ளிப்போட முடியாதுங்கிற மாதிரி பேசினாரு. அடிமைய வாங்கி விக்கிறவங்களுக்கு சபை காரியத்துல இனி இடமில்லன்னு அன்னிக்கு முடிவாச்சு. சேதி கேட்டப்ப லே வயசாகி ஓய்ஞ்சு கிடந்தாரு, இனி நிம்மதியா சாவேன்னாரு, மறுவருஷம் போயிட்டாரு. அடிமைய வச்சிருந்தாலே சபைய விட்டு நீக்கம்னு ஆனது 1776-ல.

1688-லேர்ந்து 1776, கணக்குப் போட்டா 88 வருஷம். இந்த முறைய ரசிச்சு எழுதுறவங்க, மெதுவா வந்தாலும் உறுதியா வந்துச்சும்பாங்க. உறுதியா வந்தது நிஜம்தான், 1783-ல அடிமை வியாபாரத்த நிறுத்தச் சொல்லி பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்கு மனு போட்டதே லண்டன் ஆண்டுக் கூட்டம்தான். ஆனா அந்த 88 வருஷத்துக்கு விலை குடுத்தது யாரு? பெஞ்சுல மௌனமா உக்காந்திருந்தவங்க இல்லையே. மன ஒற்றுமைக்காக காத்திருந்தப்ப, யாரோட வாழ்க்கையப் பத்தி பேசினாங்களோ அவங்க அந்த ரூமுக்குள்ளயே இல்ல. எனக்கு இந்தக் கோபம் இன்னும் ஆறல.

இன்னொன்னும் சொல்லணும், ஓட்டு இல்லன்னா அதிகாரம் இல்லன்னு நினைச்சிடாதீங்க. அது பூரா கிளார்க் மேஜைக்குப் போயிடும். 1827-ல பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் ரெண்டா உடைஞ்சப்ப யாரு கிளார்க்குங்கிறதும் பெரிய தகராறு. மறுவருஷம் ஓஹியோல மவுன்ட் பிளசன்ட்ங்கிற ஊர்ல அந்த மேஜைக்காகவே தள்ளுமுள்ளாகி மேஜையே உடைஞ்சுது. சண்டையே கூடாதுங்கிறவங்க!

அப்படியும் நான் இவங்கள விடமாட்டேன், ஏன்னா 2009. அந்த வருஷம் பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் யார்க் நகரத்துல. வழக்கமா லண்டன் யூஸ்டன் ரோட்டுல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்ல நடக்கும், 1931-ல வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்திக்கு வரவேற்பு குடுத்தாங்களே, அதே கட்டிடம். யார்க்ல எடுத்துக்கிட்ட விஷயம், ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டா மத்த கல்யாணம் மாதிரியே நடத்தி வைக்கிறதா. ஊர் ஊரா பல வருஷம் பேசின விஷயம்தான். அதே மௌனம், அதே மேஜை, அதே மாதிரி எழுதிப் படிச்சு, நடத்தி வைப்போம், சட்டத்தையும் மாத்தச் சொல்லி அரசாங்கத்தக் கேட்போம்னு தீர்மானம். ஒரு ஓட்டு கிடையாது. இங்கிலாந்துல சட்டம் வந்து அப்படி முதல் கல்யாணம் நடந்தது 2014-ல. இந்தத் தடவ யாரப் பத்திப் பேசினாங்களோ அவங்களும் அந்த ஹால்ல உக்காந்திருந்தாங்க, எழுந்து பேசினாங்க. 1688-க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே அதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஓட்டு வேணாம்னு நம்ம சங்கத்துக்கு நான் சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கு காலைல வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும். ஆனா தீர்மானத்த இங்கயே எழுதி, இங்கயே படிச்சுட்டுப் போகலாமேன்னு செயலாளர்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு, பதில் சொல்லல. சரி, ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, மைக் பின்னாடி தம்பிகிட்ட இருக்கு.