முதலில் அழலாம், அப்புறம் ஆராயலாம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

கஷ்டம் வந்தால் கிறிஸ்தவர்கள் பலரும் முதலில் கேட்பது, "ஆண்டவரே, நான் என்ன பாவம் செய்தேன்?" என்பதுதான். வேலை போனாலும் பிள்ளைக்கு நோய் வந்தாலும், ராத்திரியெல்லாம் பழையதைக் கிளறிக்கொண்டே படுத்திருக்கிறோம். தன்னை ஆராய்வது என்றால் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இயேசுவிடம் அதையே கேட்டார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டுமல்ல என்றார் அவர். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரி. வாயைத் திறந்ததும் அவனிடம் குற்றம் தேட ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மறக்க வேண்டாம்.

அதற்காகத் தன்னை ஆராயவே வேண்டாமா? வேண்டும். "நாம் நம்முடைய வழிகளைச் சோதித்து ஆராய்ந்து, கர்த்தரிடத்தில் திரும்பக்கடவோம்" என்கிறது புலம்பல் 3:40. எருசலேம் இடிந்துபோன காலத்துப் புலம்பல் அது. ஜனங்களின் பாவத்தை அந்தப் புத்தகம் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த வசனம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இரண்டு அதிகாரம் முழுக்க அழுகை. பிள்ளைகள் சாப்பிட ஏதாவது கேட்டுக் கேட்டு, தாயின் மடியிலேயே உயிர்விடுகிறார்கள். மூன்றாம் அதிகாரமும் அழுகையில்தான் தொடங்குகிறது. 22ஆம் வசனத்தில், "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை" என்று ஒரு பிடிப்பு கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் 'ஆராய்வோம்' என்கிற பேச்சே வருகிறது.

இந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், 1521இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியவர். பிற்பாடு அவர் எழுதிவைத்த ஆன்மப் பரிசோதனையிலும் முதல் படி, கடவுளிடமிருந்து பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான். குற்றங்களைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

ஆகவே, மனதில் உள்ளதை முதலில் அவரிடம் கொட்டிவிடுங்கள். தாவீதே, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்டவர்தானே. பிறகு, இந்தக் கஷ்டம் ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டு, இதற்குள் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று பாருங்கள். இன்று வீட்டில் யார்மேல் எரிந்து விழுந்தேன்? உதவ வந்தவரைக் கௌரவம் பார்த்துத் திருப்பி அனுப்பினேனா? அடுத்தவர் நன்றாக இருப்பது எனக்குக் கசந்ததா? ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால், அதைப் பேர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். முடிந்தால் விடிந்ததும் அந்த மனிதரிடமும் போய்ப் பேசுங்கள். ஒன்றும் தட்டுப்படவில்லையா, துருவிக்கொண்டே இருக்க வேண்டாம். 139ஆம் சங்கீதம், "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று அந்த வேலையை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

ஏற்கெனவே நொந்துபோய், எல்லாம் தன்னால்தான் என்று உருகிக்கொண்டிருப்பவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இப்போதைக்கு உங்களுக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம். அழுகையும் முறையீடுமாகவே இருக்கும் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கவும் தெம்பில்லையென்றால், பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.