ஆடியும் ஆட்டுவித்தும்: க்வென் வெர்டன்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவர், அமெரிக்க இசை நாடக மேடையில் 1950களிலும் 60களிலும் கொடிகட்டிப் பறந்த நடன நடிகை க்வென் வெர்டன். பிராட்வே என்பது நியூயார்க் நகரத்துச் சாலை ஒன்றின் பெயராக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள நாடக அரங்குகளையும், அங்கே வாரத்துக்கு 8 காட்சிகள் வீதம் மாதக்கணக்கில், மக்கள் ஆதரவு இருந்தால் ஆண்டுக்கணக்கில் நடக்கும் இசை நாடகங்களையும் சேர்த்தே குறிக்கிறது. அந்த மேடையில் குரல் வளத்தால் நாயகியானவர்கள் பலர். ஆட்டத்தையே முதலாக வைத்து நாயகியானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெர்டனோ 1954 முதல் 1959 வரை ஆறே ஆண்டுகளில், பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் உயரிய விருதான டோனியை நான்கு முறை பெற்றவர். இத்தனை இருந்தும், அவர் காலத்துத் திரை நடிகைகளின் பெயர்களை அடுக்கிச் சொல்லக்கூடிய நம்மூர் ரசிகர்கள்கூட வெர்டன் என்றதும் சற்றே தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு அவர் காரணம் அல்லர். அன்றைய ஹாலிவுட்தான் காரணம் என்பது என் கணிப்பு.

அவர் 1925 ஜனவரி 13ஆம் நாள் கலிபோர்னியாவில் கல்வர் சிட்டி என்ற ஊரில் பிறந்தார். தந்தை எம்.ஜி.எம். படப்பிடிப்பு நிலையத்தில் மின்பணியாளர். தாய் நடனம் ஆடியவர், கற்பித்தவர். குழந்தைப் பருவத்தில் வெர்டனுக்கு ரிக்கெட்ஸ் நோய் வந்து கால் எலும்புகள் வளைந்துவிட்டன. கால்களை நேராக்குவதற்காகக் கனமான பூட்சுகளை மாட்டிக்கொண்டு நடந்த அந்தப் பெண்ணை மற்றப் பிள்ளைகள் நொண்டி என்று கேலி செய்தார்கள். தாயார் மருத்துவத்தோடு நடனப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டார். மகளின் கால்கள் மெல்ல மெல்ல வலுப்பெற்றன. ஆறு வயதில் அவள் மேடையேறித் தட்டாட்டம் (டேப் நடனம்) ஆடினாள். பின்னாளில் பிராட்வேயே வியந்து பார்த்த கால்கள் இவை. 17 வயதில் வீட்டுக்குத் தெரியாமல் பத்திரிகையாளர் ஒருவரை மணந்து, ஒரு மகனைப் பெற்று, சில ஆண்டுகளில் அந்த மணவாழ்வு முறிந்த பிறகுதான் அவர் நடனத்தை மீண்டும் தொழிலாகக் கைக்கொண்டார்.

அப்போது அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜாக் கோல் என்ற நடன அமைப்பாளரின் குழு. இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன்; ஏனென்றால் இங்கே நம் ஊருக்கும் ஒரு மெய்யான தொடர்பு இருக்கிறது. லா மேரி என்ற பெயரில் உலகம் சுற்றிய அமெரிக்க நடனக் கலைஞர் 1930களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பாபநாசம் வடிவேலுப் பிள்ளையிடமும் பரதம் பயின்று சென்றார். அந்த லா மேரியிடம் பரதம் கற்றவர்களில் ஜாக் கோலும் ஒருவர். கோல் செய்த காரியம் விசித்திரமானது. அரைமண்டியில் நின்று, கழுத்தைத் தோளுக்குத் தோள் பக்கவாட்டில் நகர்த்தி, விரல்களில் முத்திரை பிடித்து, இவை அனைத்தையும் அமெரிக்க ஸ்விங் ஜாஸ் இசையின் தாளத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார். பரதம் அறிந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். இரவு விடுதிகளில் காட்டப்பட்ட இந்த 'இந்திய' ஆட்டத்தில் கவர்ச்சிக்கு இருந்த பங்கும் குறைவில்லை. ஆனால் அவர் இதை மேலோட்டமாகப் பொறுக்கிக்கொள்ளவில்லை. தம் குழுவினருக்கு அடவுகளை நாள்தோறும் பயிற்றுவித்தார். தலை ஒன்று செய்யும்போது இடுப்பு வேறொன்று செய்யவும், ஒற்றை விரல் மட்டும் அசைய உடல் முழுவதும் கல்லாய் நிற்கவும் வல்ல ஆட்டக்காரர்களை அந்தப் பயிற்சி உருவாக்கியது. வெர்டன் அவர்களில் தலைசிறந்தவர். விரைவிலேயே கோலின் உதவியாளராகவும் ஆனார்.

உதவியாளர் என்றால் என்ன வேலை? படப்பிடிப்புக்கு முன் வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். நட்சத்திரத்துக்கு ஆட வராது, அல்லது ஓரளவே வரும். அவர் உடம்புக்கு எது பொருந்தும், எந்த அசைவில் அவர் அழகாகத் தெரிவார் என்று கண்டுபிடித்து, அதைத் தாமே ஆடிக்காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1953இல் வந்த 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் மர்லின் மன்றோவும் ஜேன் ரஸ்ஸலும் ஆடும் ஆட்டங்களுக்குப் பின்னால் கோலும் வெர்டனும் இருந்தார்கள். படம் பார்த்த உலகத்துக்கு மன்றோவைத் தெரியும். அவருடைய நடைக்கும் தோள் அசைவுக்கும் பயிற்சி தந்த பெண்ணைத் தெரியாது. அதே ஆண்டுகளில் வெர்டன் சில படங்களில் தாமே ஒரு பாட்டுக்கு ஆடியும் இருக்கிறார். 1951இல் வந்த 'டேவிட் அண்ட் பாத்ஷீபா', 'ஆன் தி ரிவியெரா' போன்றவற்றில் அவரைக் காணலாம். கதையில் அவருக்கு இடமில்லை. வந்தார், ஆடினார், போனார் என்பதோடு சரி.

ஜாக் கோலை விட்டு விலகி அவர் ஏற்ற முதல் பெரிய வாய்ப்பு, கோல் போர்ட்டர் என்ற வேறொருவர் இசையமைத்த 'கான்-கான்' நாடகம். நாயகி லிலோ என்ற பிரெஞ்சுப் பாடகி. வெர்டனுக்கு இரண்டாம் நிலைப் பாத்திரம், நடன அமைப்பு மைக்கேல் கிட். 1953 மே 7ஆம் நாள் முதற்காட்சியில் நடந்ததைப் பிராட்வேக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். வெர்டன் தம் ஆட்டத்தை முடித்துவிட்டு ஒப்பனை அறைக்குப் போய் உடை மாற்றத் தொடங்கிவிட்டார். அவையோர் கைதட்டலை நிறுத்தவில்லை; அவர் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கினார்கள்; நாடகம் மேற்கொண்டு நகர முடியவில்லை. கடைசியில் துண்டைச் சுற்றிக்கொண்ட நிலையிலேயே அவரை மேடைக்கு அழைத்து வந்து வணங்கச் செய்த பிறகுதான் கூட்டம் அடங்கியது. அந்த நாடகத்துக்காக அவருக்கு முதல் டோனி விருது கிடைத்தது.

அடுத்தது 1955இல் அரங்கேறிய 'டாம் யாங்கீஸ்'. நேயர்கள் வெர்டனின் பெயரோடு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பேஸ்பால் பைத்தியம் பிடித்த நடுவயதுக்காரர் ஒருவர், தம் அணி ஒருமுறையாவது வெல்ல வேண்டும் என்பதற்காகச் சாத்தானிடம் ஆன்மாவை விற்று இளைஞனாகிறார். ஆனால் விட்டுவந்த மனைவியின் நினைவு அவரை வாட்டுகிறது. அந்த நினைவை அழிப்பதற்காகச் சாத்தான் அனுப்பும் மோகினிதான் லோலா. அவளுக்கு வயது 172. ஒரு காலத்தில் தன் ஊரிலேயே மிக அழகற்ற பெண்ணாக இருந்து, அழகுக்காக ஆன்மாவை விற்றவள்.

பேஸ்பால் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் லோலா அந்த இளைஞனை மயக்க முயலும் காட்சி வருகிறது. தான் விரும்பியது தனக்குக் கிடைத்தே தீரும் என்று பாடிக்கொண்டே அவள் கையுறை தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, கடைசியில் கறுப்பு லேஸ் உடையில் நிற்கிறாள். எழுத்தில் படித்தால் மலிவான காட்சியாகத் தோன்றும். வெர்டன் அதை ஆடிய விதம் வேறு. மயக்கும் பெண் ஒருத்தியை அவர் ஆடவில்லை. மயக்கும் கலையைப் புத்தகத்தில் படித்து ஒப்பிக்கும் பெண் ஒருத்தியை ஆடினார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, அது பலித்ததா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். குரலில் போலியான ஸ்பானிய உச்சரிப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளைஞன் நெளிய நெளிய, அவளுடைய தந்திரங்கள் மேலும் மேலும் மிகைப்பட்டு நகைப்பைக் கூட்டுகின்றன. அபிநயத்தில் பாவனையைப் பாவனை செய்வது கடினமான வேலை. பார்ப்பவருக்குச் சிரிப்பும் வர வேண்டும், அழகும் கெடக் கூடாது. இடுப்பு வேறு, கண் வேறு, குரல் வேறு என்று மூன்றையும் தனித்தனியே ஆளத் தெரிந்தவரால்தான் அது முடியும். கோலிடம் பட்ட பாடு இங்கே பலனளித்தது.

அந்த ஆட்டத்தை அமைத்தவர் பாப் ஃபாஸி. இருவரும் சேர்ந்து பணியாற்றிய முதல் நாடகம் அது, 1960இல் மணந்துகொண்டார்கள். உள்ளே மடங்கிய முழங்கால், குனிந்த தோள், சாய்த்து வைத்த தொப்பி, வெள்ளைக் கையுறை, விரலின் ஒரு சொடுக்கு என்று இன்று உலகம் முழுவதும் ஃபாஸி பாணி எனப்படும் அந்த நடை ஃபாஸியின் மேதைமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடலின் ஓர் உறுப்பை மட்டும் தனித்து இயக்கும் அந்த நுணுக்கம், ஜாக் கோலிடம் பயின்று முற்றிய வெர்டனின் உடல் வழியாகவே அதற்குள் ஆழமாக வேர்விட்டது என்று நான் கருதுகிறேன். வரலாற்று நூல்கள் அமைத்தவர் பெயரை எழுதுகின்றன. ஓர் அசைவை ஆடிக் காட்டி அது வேலை செய்யுமா செய்யாதா என்று தீர்ப்புச் சொன்ன உடலின் பெயர் அடிக்குறிப்பில்தான் வருகிறது.

1957இல் 'நியூ கேர்ள் இன் டவுன்', 1959இல் 'ரெட்ஹெட்'. இரண்டுக்கும் டோனி கிடைத்தது. நாடகங்களாக இரண்டுமே இன்று பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆனால் 'ரெட்ஹெட்' தொடர்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குள் வெர்டன் நடித்தால் அரங்கு நிறையும் என்ற நிலை வந்துவிட்டது. அந்தச் செல்வாக்கைக் கொண்டு, அதுவரை நடனம் மட்டுமே அமைத்துவந்த ஃபாஸியே நாடகத்தை இயக்கவும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ஓர் இயக்குநரின் முதல் இயக்கம் அப்படித்தான் வாய்த்தது.

1966இல் வந்த 'ஸ்வீட் சாரிட்டி' அவருடைய உழைப்பின் உச்சம். இயக்குநர் ஃபெலினியின் இத்தாலியப் படம் ஒன்றைத் தழுவிய கதை. காசு வாங்கிக்கொண்டு ஆண்களோடு ஆடும் ஒரு பெண், ஒவ்வொரு முறையும் ஏமாந்த பிறகும் காதலை நம்புகிறாள். நாயகி ஏறக்குறைய முழு நேரமும் மேடையிலேயே இருந்து ஆடியாக வேண்டும், பாடியாக வேண்டும். வெர்டனுக்கு அப்போது வயது 41. தொப்பியும் கைத்தடியும் ஏந்தி அவர் தனியே ஆடும் ஆட்டம், குழந்தைக்கு வரும் மகிழ்ச்சியைத் தேர்ந்த கலைஞரின் கட்டுப்பாட்டோடு காட்டியது. களைப்பால் சில காட்சிகளுக்கு அவரால் வர இயலாமலும் போனது. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்ற கணக்கில் அதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது.

இனி ஹாலிவுட் கணக்குக்கு வருவோம். 'டாம் யாங்கீஸ்' 1958இல் படமானபோது வெர்டனே லோலாவாக நடித்தார். 'கான்-கான்' 1960இல் படமானபோது அவருடைய பாத்திரம் ஜூலியட் ப்ரௌஸுக்குப் போனது. 'ஸ்வீட் சாரிட்டி' 1969இல் படமானபோது நாயகி ஷெர்லி மெக்லெய்ன். இயக்குநரோ வெர்டனின் கணவர் ஃபாஸி. பெரும் பொருட்செலவில் எடுக்கும் படத்துக்கு நாடெங்கும் அறிந்த முகம் வேண்டும் என்பது படநிறுவனங்களின் வாதம். வணிகம் என்ற அளவில் அதைப் புரிந்துகொள்ளலாம், ஏற்றுக்கொள்வது கடினம். வெர்டன் அப்போது செய்ததுதான் வியப்பு. தாம் மூச்சிரைக்க ஆடி உருவாக்கிய பாத்திரத்தை மெக்லெய்னுக்குத் தாமே சொல்லிக்கொடுத்தார். மன்றோவுக்குச் செய்த அதே பணி, இம்முறை தம் சொந்தப் பாத்திரத்துக்கு.

1971இல் கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கினார்கள், மணமுறிவு பெறவில்லை. தொழிலிலும் பிரியவில்லை. ஃபாஸி ஜெர்மனியில் 'கேபரே' படத்தை எடுத்தபோது, மனிதக் குரங்கு வேடத்துக்குப் பொருத்தமான உடை அங்கே அமையாமல், நியூயார்க்கிலிருந்து விமானத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வெர்டன்தான்.

அவருடைய கடைசிப் பெரிய மேடைப் பாத்திரம், 1975 ஜூன் 3ஆம் நாள் அரங்கேறிய 'சிகாகோ' நாடகத்தின் ராக்ஸி ஹார்ட். செய்தியாளராக இருந்த மோரின் டல்லாஸ் வாட்கின்ஸ் 1926இல் எழுதிய பழைய நாடகம் அதன் மூலம். அதை இசை நாடகமாக்க வேண்டும் என்று வெர்டன் நீண்ட காலம் ஆசைப்பட்டும் ஆசிரியர் இசையவில்லை; 1969இல் அவர் இறந்த பிறகே உரிமை கிடைத்தது. ஒத்திகை தொடங்கிய வேளையில் ஃபாஸிக்கு நெஞ்சுவலி வந்து அறுவை சிகிச்சை நடந்ததால் எல்லாம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. நாடகம் தொடங்கிச் சில வாரங்களில் வெர்டனுக்கே தொண்டையில் அறுவை சிகிச்சை. அவர் திரும்பி வரும்வரை அந்த வேடத்தை நடிகை லைசா மினெல்லி ஏற்றார். அப்போது 50 வயதான வெர்டன், உடன் நடித்த சீட்டா ரிவேராவுக்கு ஈடுகொடுத்து முடிவுக் காட்சி வரை ஆடினார். அந்த ஆண்டின் விருதுகளில் பெரும்பாலானவற்றை 'எ கோரஸ் லைன்' என்ற நாடகம் அள்ளிக்கொண்டு போயிற்று. 'சிகாகோ'வின் மதிப்பு 1996இல் மறுபடி மேடையேறியபோதுதான் உலகுக்கு உறைத்தது.

அதன்பின் அவர் 'காக்கூன்' போன்ற படங்களில் குணச்சித்திர வேடங்களில் நடித்தார். 1987இல் வாஷிங்டனில் 'ஸ்வீட் சாரிட்டி' மீண்டும் தொடங்கிய அன்று ஃபாஸி தெருவில் மயங்கி விழுந்து இறந்தார், வெர்டன் உடனிருந்தார். ஃபாஸி அமைத்த ஆட்டங்களைப் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் பொறுப்பு வெர்டன்மேல் வந்து விழுந்தது. 1999இல் 'ஃபாஸி' என்ற பெயரிலேயே வந்த நடனத் தொகுப்புக்கு அவர் கலை ஆலோசகராக இருந்து இளையவர்களைப் பயிற்றுவித்தார். 2000 அக்டோபர் 18ஆம் நாள் தம் 75ஆம் வயதில் காலமானார்.

வெர்டனைப் பார்க்க விரும்பும் நேயர்கள் 1958ஆம் ஆண்டு 'டாம் யாங்கீஸ்' திரைப்படத்திலிருந்து தொடங்கலாம். உடைமாற்றும் அறைக் காட்சியோடு நிறுத்திவிட வேண்டாம். அதே படத்தில் வெர்டனும் ஃபாஸியும் சேர்ந்து ஆடும் மாம்போ ஆட்டம் ஒன்று உண்டு. கதைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. இருவரும் ஒரே அசைவைச் செய்யும் இடங்களில் ஃபாஸியை விட்டுவிட்டு வெர்டனின் கழுத்தையும் மணிக்கட்டையும் மட்டும் பாருங்கள். பரதம் பயின்றவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாத சிலவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியக்கூடும்.

நன்றி. வணக்கம்.