வாடையும் வெதுவெதுப்பான தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். மார்கழி விடியலில் கண்மாய்க்குள் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்: வெளியே உடம்பு வெடவெடக்கும், தண்ணீரோ வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் மெல்லிய ஆவி எழும். நீர்நிலையில் அலை எவ்வளவு பெரிதாக எழும் என்பதில் ஒரு சங்கதி அந்த ஆவியில் இருக்கிறது.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். காற்றின் வேகம், அது விடாமல் வீசும் நேரம், தடையின்றி ஓடுகிற நீர்ப்பரப்பின் நீளம், ஆழம். வண்டியூர் தெப்பக்குளத்தில் காற்று ஓட ஏறக்குறைய 300 மீட்டர்தான் இடம். நடுவே மைய மண்டபம் வேறு. எவ்வளவு அடித்தாலும் சிற்றலைதான். வைகை அணையின் நீர்ப்பரப்பு அப்படியல்ல.

இனி வெப்பம். தண்ணீர் சூடாகவும் காற்று குளிர்ந்தும் இருந்தால், நீரை ஒட்டிய காற்று சூடேறி மேலே கிளம்பும். அந்த இடத்துக்கு உயரத்தில் விரைந்துகொண்டிருந்த காற்று இறங்கிவரும், தன் வேகத்தையும் கூடவே கொண்டுவரும். அலைக்குத் தீனி கிடைத்துவிடும். சித்திரை மதியத்தில் கதை தலைகீழ். அனல்காற்று தன்னைவிடக் குளிர்ந்த தண்ணீரின்மேல் வரும்போது, அடியில் உள்ள காற்று குளிர்ந்து கனத்துப் படுத்துவிடுகிறது. ஊறுகாய்ச் சாடியில் மேலே நிற்கும் நல்லெண்ணெயைப் போல, சூடான காற்று அதனோடு கலக்காமல் வழுக்கிப் போகும். கரையில் துண்டு பறக்கும். தண்ணீர் அந்த அளவுக்கு அசையாது.

இது பெரிய அளவில் தெரிவது வட அமெரிக்காவின் பேரேரிகளில். சுப்பீரியர் ஏரியில் மே மாதத்திலும் தண்ணீர் 4 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மேலே வரும் இளஞ்சூட்டுக் காற்றால் அதை அவ்வளவாகக் கிளற முடியாது. நவம்பரில் கோடையின் சூடு தண்ணீரில் மிச்சமிருக்க, வடக்கிலிருந்து குளிர்காற்று பாய்கிறது. கப்பல்காரர்கள் அஞ்சும் மாதம் அது. 1975 நவம்பர் 10 அன்று ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற 222 மீட்டர் நீளக் கப்பல் அங்கே புயலில் மூழ்கியது. இருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வெப்ப வேறுபாடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. புயலே போதும், இது அதற்குக் கை கொடுக்கும்.

சூட்டில் தண்ணீர் இளகுவதால்தான் அலை பெரிதாகிறது என்று சிலர் வாதிடுவார்கள். 10 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பிசுக்குமை, அதாவது ஓடவிடாமல் இழுக்கும் தன்மை, ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது, உண்மைதான். ஆனால் அது விரலகலச் சிற்றலைகளின் விவகாரம். கரையை அறுக்கும் அலை அதைச் சட்டை செய்வதில்லை.

நம் கண்மாய்கள் சிறியவை. இங்கே வெப்பத்தின் பங்கும் சிறிதுதான். ஆனாலும் ஆவி சுருள் சுருளாக எழும் காலையில் வாடை கிளம்பினால், மடை பார்க்கப் போகிறவர் வேட்டியைக் கொஞ்சம் ஏற்றியே கட்டிக்கொள்ளட்டும்.