பாட்டுப் புத்தகத்துக்கு ஓர் அலமாரி

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியப் பெருமக்களே, பந்தலும் நாற்காலியும் தந்துதவிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நூலகர் அம்மாவுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். காரணம் பின்னால் வரும்.

பேராசிரியர் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ஆய்வு, வகுப்பறை, அவர் நமக்கு விட்டுச்சென்ற வேலை என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

நாஞ்சில்நாட்டு வேளாண்மையின் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர் அவர். நிலத்தையும் கூலியையும் பார்த்த அதே கண்ணோடு சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தார். எம்.ஜி.ஆர். பற்றிய அவரது ஆங்கில நூல் 1992இல் வந்தது. படகோட்டியாகவும் தொழிலாளியாகவும் ரிக்‌ஷாக்காரராகவும் திரையில் வந்தவரை ஏழைகள் நம்பினார்கள். அவரது ஆட்சியின் வரிச்சுமையோ அந்த ஏழைகள் தலையில்தான் விழுந்தது என்று பாண்டியன் எழுதினார். அதற்காக ஏழைகளை ஏமாளிகள் என்று தள்ளிவிடவில்லை. கதைப்பாடல் வீரர்களையும் திரை நாயகனையும் அருகருகே வைத்து, அந்த நம்பிக்கை எங்கே வேர்பிடித்தது என்று தேடினார். சோழியன் குடுமி சும்மா ஆடாது!

என் அத்தை ஒருவர் நடவுக்குப் போகிறவர். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு ‘விவசாயி’ வந்தபோது, மிராசுதார் தாமே வண்டி கட்டி ஆட்களை அனுப்பிவைத்தார். தாமும் வந்தார், அவருக்கு நாற்காலி, இவர்களுக்கு மணல் தரை. இருவரும் ஒரே இடத்தில் கைதட்டினார்கள். இடைவேளையில் அத்தை பாட்டுப் புத்தகம் வாங்கினார். எழுத்துத் தெரியாது; என்னைப் படிக்கச் சொல்லி, நான் தப்பாகப் படித்த வரிகளைக் காதால் கேட்டதை வைத்துத் திருத்தினார். மறுநாள் வயலில் பாடியபடியே நட்டார். வரப்பில் நின்ற மிராசுதாரும் தலையசைத்து ரசித்தார். பாட்டு முடிந்ததும் அத்தை நிமிர்ந்து, “கூலியை ஒரு படி கூட்டிக் கொடுங்கள் ஐயா” என்றார். தலையசைப்பு நின்றுவிட்டது! ஒரே படம், ஒரே பாட்டு. கூலி மட்டும் பழைய கூலி. குடுமி ஆடியது; எதற்காக என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பாண்டியனைப் படித்த பிறகே விளங்கியது.

பின்னாளில் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். 2014 நவம்பரில் மறைந்தார். அந்த வகுப்பறையைப் பற்றி அவரிடம் படித்தவர்கள் பேசுவதே முறை. நான், அவர் விட்டுச்சென்ற வேலைக்கு வருகிறேன்.

இத்தகைய ஆய்வுக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது? அந்த மெல்லிய தாள் புத்தகத்தில்! பாதிக் கதையைச் சொல்லி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்துவார்களே, அதில்! பழைய பேப்பர்க் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது அது. பல்கலைக்கழகங்கள் காவியத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்கின்றன. கூலிக்காரி காசு கொடுத்து வாங்கியதற்கு ஒரு தட்டுக் கிடைப்பதே அரிது. இந்தப் புறக்கணிப்பும் சும்மா ஆடும் குடுமியல்ல.

முதல்வர் ஐயா, நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி ஒதுக்குங்கள். நூலகர் அம்மா சாவியை வைத்துக்கொள்ளட்டும். மாணவர்களே, போகிக்கு முன் வீட்டுப் பரணில் ஏறுங்கள். பாட்டுப் புத்தகம், துண்டு நோட்டீஸ், ரசிகர் மன்ற அழைப்பிதழ் எது கிடைத்தாலும், ஊர்ப்பெயரையும் வைத்திருந்தவர் பெயரையும் தனித்தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அத்தையின் புத்தகத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். முதலாவதாக அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுகிறேன்.